கியூபெக்கில் கட்டடக் கலைஞராவது எவ்வாறு?

(சென்ட் லோரன்டில் தமிழ் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் புதிதாகக் குடியேறியோர்க்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சென்ட் லோரன்டின் திமென்ஸ் வீதியில் 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புவாஸே நூலகம் இப்பகுதித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த இடமாகும். 1959இல் திறக்கப்பட்டு 1981இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தை அவர்களின் பெற்றோர் அறிவர். யாழ்ப்பாண நூலகத்தை வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன். ஒரு பொதுக் கட்டடம் எழும்போது அதன் வரைபடத்தில் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்பவர் ஒருவர் இருந்தாக வேண்டும். அந்தக் கையொப்பத்தை இடும் உரிமை கியூபெக்கில் யாருக்கு, எவ்வழியில் கிடைக்கின்றது என்பதே இவ்வுரையின் பொருள்.

கியூபெக்கில் கட்டடக் கலைஞர்களின் சங்கம் 1890இல் தோன்றியது. அதன் வழிவந்த கியூபெக் கட்டடக் கலைஞர் சபையே இன்று அனுமதிப்பத்திரம் வழங்குகின்றது. அச்சபையில் பதிவு பெறாதவர், எத்துணை பெரிய பட்டம் பெற்றவராயினும், எத்தனை ஆண்டு அனுபவம் உடையவராயினும், தம்மைக் கட்டடக் கலைஞர் என்று இங்கு அழைத்துக்கொள்ளல் ஆகாது. மீறுவோர் தண்டப்பணம் செலுத்த நேரிடும். மக்களின் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாகவே சட்டம் இவ்வாறு வகுக்கப்பட்டுள்ளது.

இங்கேதான் புதிதாக வருவோர் பலர் தடுமாறுகின்றனர். குடிவரவு விண்ணப்பத்தில் பட்டத்திற்குப் புள்ளிகள் கிடைத்ததால் தொழில் செய்யும் உரிமையும் கிடைத்துவிட்டதெனக் கருதுகின்றனர். வெளிநாட்டுக் கல்விக்குக் குடிவரவு அமைச்சு வழங்கும் ஒப்பீட்டு மதிப்பீட்டையே தொழில் அங்கீகாரமென நம்புவோரும் உளர். இவை இரண்டும் வேறு. சபையின் அனுமதிப்பத்திரம் வேறு. உண்மை தெரியவருமுன் ஓரிரு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. குடும்பச் சுமையால் தொழிற்சாலை வேலைக்குச் சென்றவர், பின்னர் வரைபலகைக்குத் திரும்புவது மேலும் கடினமாகின்றது.

அனுமதிப்பத்திரத்திற்கான பாதை மூன்று படிகளைக் கொண்டது: கல்வி, பயிற்சி, தேர்வு.

முதலாவது கல்வி. கியூபெக்கில் மக்கில், மொன்றியல், லாவால் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் அங்கீகரிக்கப்பட்ட கட்டடக்கலை முதுமாணிப் பட்டத்தை வழங்குகின்றன. இங்கு வளரும் மாணவர் உயர்நிலைப் பள்ளிக்குப் பின் ஈராண்டு செஜெப், மூன்றாண்டு இளமாணி, அதன்பின் முதுமாணி என்று செல்வர். வெளிநாட்டில் பயின்றோரின் பட்டத்தைக் கனடியக் கட்டடக்கலைச் சான்றளிப்புச் சபை ஆராய்கின்றது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலோ சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலோ பயின்றவர் தம் பாடத்திட்ட விவரங்களையும் மதிப்பெண் சான்றுகளையும் அனுப்புதல் வேண்டும். குறைகள் காணப்படின் மேலதிகப் பாடங்களைப் பயில நேரிடும். ஆதலால் ஊரை விட்டுப் புறப்படுமுன்பே பல்கலைக்கழகத்திடமிருந்து பாடத்திட்ட விவரங்களைப் பெற்று, ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ அவற்றை ஆயத்தமாக வைத்திருத்தல் நன்று. கடல் கடந்தபின் அவற்றைப் பெறுவது பெரும்பாடு.

இரண்டாவது பயிற்சி. பதிவு பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவரின் மேற்பார்வையில் 3,720 மணி நேரம், அதாவது முழுநேரமாக ஏறத்தாழ ஈராண்டுகள் பணியாற்றுதல் வேண்டும். வரைதல் மட்டும் போதாது. வடிவமைப்பு, கட்டட விதிகள், கேள்விப்பத்திர ஆவணங்கள், கட்டுமானத் தள மேற்பார்வை எனப் பல துறைகளிலும் மணிநேரம் சேரவேண்டும். வேலைக்குச் சேரும் நாளிலேயே இதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளாதவர், ஆண்டுகள் பல உழைத்தும் ஒரே வகை வேலையிலேயே தேங்கிவிடக்கூடும்.

மூன்றாவது தேர்வு. கனடியக் கட்டடக் கலைஞர் தேர்வு 2008இல் தொடங்கப்பட்டது. நான்கு பகுதிகளைக் கொண்ட இத்தேர்வை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதலாம். கட்டட விதிக்கோவை இதில் முதன்மை இடம் பெறுகின்றது. பனியும் உறைகுளிரும் அறியாத நாடுகளில் கட்டியவர்கள் இங்குள்ள வெப்பக்காப்பு, தீப்பாதுகாப்பு விதிகளைப் புதிதாகவே கற்க வேண்டியிருக்கும்.

இம்மூன்று படிகளோடு மொழியும் சேர்கின்றது. 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனப்படி, தொழிலுக்குப் போதிய பிரெஞ்சு அறிவு இல்லாதவர்க்கு எந்தத் தொழிற்சபையும் நிரந்தர அனுமதிப்பத்திரம் வழங்க இயலாது. மூன்றாண்டுகள் பிரெஞ்சு மொழியில் உயர்நிலைக் கல்வியோ அதற்கு மேற்பட்ட கல்வியோ முழுநேரமாகப் பயின்றவர்க்குத் தனித்தேர்வு தேவையில்லை. சென்ட் லோரன்டில் பிரெஞ்சுப் பள்ளியில் பயிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது பெரும் வாய்ப்பு. “இந்த மொழி எதற்கு?” என்று வீட்டில் சலித்துக்கொள்ளும் பெற்றோர் இதனை எண்ணிப்பார்த்தல் வேண்டும். ஏனையோர் பிரெஞ்சு மொழி அலுவலகத்தின் தேர்வில் சித்தியெய்த வேண்டும். பட்டப்படிப்பின் இறுதி ஈராண்டுகளிலேயே இத்தேர்வை எழுத முடியும் என்பதைப் பல மாணவர் அறியார்.

பிரான்சில் பதிவு பெற்ற கட்டடக் கலைஞர்களுக்கு, 2008இல் கியூபெக்கும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியே குறுகிய பாதை ஒன்று உண்டு. பாரிசில் பயின்று பதிவு பெற்ற தமிழரும் இதனைப் பயன்படுத்தலாம். இலங்கை, இந்தியப் பட்டதாரிகளுக்கு அத்தகைய உடன்படிக்கை இல்லை.

முடிவில் குறைபாடு இருப்பதாக உணர்வோர் மனம் சோர்ந்து ஒதுங்கிவிட வேண்டியதில்லை. தொழிற்சபைகளின் சேர்ப்பு முறைகள் பற்றிய முறைப்பாடுகளை ஆராய ஆணையாளர் ஒருவர் சட்டப்படி உள்ளார். உரிமை இருக்கின்றது என்று அறிவதே உரிமையைப் பெறுவதன் முதற்படியாகும்.

பாதை நீளமானதாயினும் அடைக்கப்பட்டதன்று. அதில் காலத்தை இழக்கச் செய்வது பெரும்பாலும் தகவலின்மையே. முன்னே சென்றவர் தாம் கண்ட வழியைப் பின்னே வருபவர்க்குக் காட்டுவாராயின், பயிற்சிக்கு இடம் தேடும் இளையவர்க்கு ஓர் அலுவலகக் கதவைத் திறந்துவிடுவாராயின், ஐந்தாண்டு அலைச்சல் ஈராண்டாகக் குறையும். நாளை இந்நகரில் எழும் நூலகத்தின் வரைபடத்தில் ஒரு தமிழ்ப் பெயரும் கையொப்பமாக இடம்பெறுவதற்கு, சென்ட் லோரன்டின் தமிழ்க் குடும்பங்கள் இன்றே தொடங்க வேண்டிய பணி இது.