சந்தேகம் மட்டும் இருந்தா 1098-க்கு போன் பண்ணலாமா?

மாத்தூர் எம்.எம்.டி.ஏ.ல இருந்து வந்த ஒரு வாய்ஸ் நோட்டை வெச்சுத்தான் இந்த வாரம் பேசப் போறேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

கீழ் வீட்டுக் குழந்தை, சின்னப் பொண்ணு. டியூஷன் போகச் சொன்னாலே அழுவுது. ஒரு நாள் இவங்ககிட்ட, "அந்த சார் தொடறாரு, எனக்குப் பிடிக்கலக்கா"ன்னு சொல்லியிருக்கு. அம்மாகிட்ட சொன்னா, "வெளிய தெரிஞ்சா பொண்ணு பேருதான் கெடும், விட்டுடும்மா"ன்னு கை எடுத்துக் கும்பிடறாங்களாம். கடைசில கேட்டாங்க: "என்கிட்ட ஆதாரம் இல்ல. நான் யாரு இதைச் சொல்ல?"

சட்டப்படி நீங்கதான் சொல்லணும். 2012 போக்சோ சட்டத்தோட 19-வது பிரிவு, குற்றம் நடந்தது தெரிஞ்சாலும் சரி, நடக்கலாம்னு பயம் இருந்தாலும் சரி, போலீஸுக்குத் தகவல் சொல்லணும்னு சொல்லுது. சொந்தக்காரங்களா இருக்கணும்னு அவசியமே இல்ல. தெரிஞ்சும் சொல்லாம விட்டா ஆறு மாசம் வரை ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டுமே. நல்லெண்ணத்தோட சொன்னது தப்பாப் போனாலும் உங்க மேல கேஸ் வராது. ஆதாரம் தேடறது போலீஸோட வேலை.

2022-ல மகாராஷ்டிர வழக்கு ஒண்ணு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. ஹாஸ்டல் பொண்ணுங்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், விஷயம் தெரிஞ்சும் தகவல் கொடுக்கலன்னு எஃப்.ஐ.ஆர். ஹைகோர்ட் அதை ரத்து பண்ணிருந்தது. சொல்லாம மறைக்கிறது சின்ன விஷயம் இல்லன்னு சுப்ரீம் கோர்ட் அந்த எஃப்.ஐ.ஆரைத் திரும்பக் கொண்டு வந்தது.

நமக்குப் பக்கத்துலயே பார்க்கலாம். மூலக்கடை, பெரம்பூர் தாண்டினா அயனாவரம். 2018-ல அங்க ஒரு அபார்ட்மென்ட்ல, காது கேட்காத 11 வயசுக் குழந்தை மாசக்கணக்கா பாலியல் வன்முறைக்கு ஆளாச்சு. கைதானவங்க 17 பேர். லிஃப்ட் இயக்குறவர், செக்யூரிட்டி, பிளம்பர்னு தினம் பார்க்கிற முகங்கள். வெளிய வந்தது எப்படின்னா, குழந்தை அக்காகிட்ட சொல்லிச்சு, அக்கா நம்பினாங்க. 2020 பிப்ரவரியில சென்னை போக்சோ கோர்ட் 15 பேரைக் குற்றவாளின்னு தீர்ப்பு சொன்னது. நான் அந்தக் கேஸைப் படிக்கும்போதெல்லாம் யோசிக்கிறது தண்டனையை இல்ல, அந்த மாசங்களைத்தான்.

அந்த அம்மாவோட பயம் நியாயமானது. அவங்களைத் திட்டாதீங்க. ஆனா இதைச் சொல்லுங்க: வாக்குமூலத்தைக் குழந்தை இருக்கிற வீட்டுலயே வாங்கலாம். முடிஞ்சவரை பெண் அதிகாரி, அதுவும் யூனிஃபார்ம் இல்லாம வரணும். குழந்தையை ராத்திரி ஸ்டேஷன்ல வெச்சிருக்கக் கூடாது. பேரு, போட்டோ, ஸ்கூல் எதையும் மீடியா வெளியிடக் கூடாது. நீங்களும் ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடாதீங்க, ப்ளீஸ்.

இன்னொண்ணு, அந்த ஆளை நேர்ல போய் மிரட்ட வேணாம். உஷாராயிடுவான், குழந்தையை மிரட்டுவான். குழந்தைகிட்டயும் திரும்பத் திரும்ப "என்ன பண்ணான்"னு கேக்காதீங்க. அது தானா சொன்ன வார்த்தையை அப்படியே, தேதியோட, எழுதி வெச்சுக்கோங்க.

1098-க்கு 24 மணி நேரமும் இலவசமா கூப்பிடலாம். உடனடி ஆபத்துன்னா 112. குழந்தை எங்க இருக்கு, என்ன சொல்லிச்சு, அடுத்த டியூஷன் எப்போ, இதை முதல்ல சொல்லுங்க. மத்ததை அவங்க கேப்பாங்க.