ஏட்டில் நிற்கும் வீடும் மழையில் ஒழுகும் வீடும்

(ஏர்க்காட்டில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

தமிழைப் பற்றிப் பேச வந்தவன் வீட்டுக் கணக்கைப் பேசுகிறானே என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். பொதுமக்கள் பணத்தால் கட்டப்பெற்ற வீட்டின் கணக்கு, அவ்வீட்டில் குடியிருப்பவனுக்கு விளங்காத மொழியில், அவன் கண்படாத இடத்தில் எழுதப்படுமாயின், அது மொழிச் சிக்கலாகவும் இருக்கிறது. வாழ்வுச் சிக்கலாகவும் இருக்கிறது. ஆகவேதான் இதனை இங்கே எடுத்துக்கொண்டேன்.

இச் சேர்வராயன் மலையில் ஏர்க்காடு, நாகலூர், மாரமங்கலம், வாழவந்தி, செம்மநத்தம், தலைச்சோலை, மஞ்சக்குட்டை முதலான 9 ஊராட்சிகள் சேர்ந்தது ஏர்க்காடு ஊராட்சி ஒன்றியம். இங்கு வாழ்பவருள் வீட்டுக்காக அரசை எதிர்நோக்குவோர் இரு திறத்தார். ஒரு திறத்தார் மலையாளிப் பழங்குடியினர். இம்மலையின் மூத்த குடிகள். மற்றொரு திறத்தார் குளம்பித் தோட்டத் தொழிலாளர். 1820-களில் சேலத்தில் தண்டலராய் இருந்த காக்பர்ன் என்னும் வெள்ளையர் இம்மலையில் குளம்பிப் பயிரைக் கொணர்ந்தார். அன்று தொடங்கிய தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாய் உழைப்பவர்கள் அவர்கள்.

இவர்களுக்கென அரசு வீடு கட்டவே இல்லையா? கட்டியிருக்கிறது. 1985-இல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் வந்தது. 2010-இல் 21 இலக்கம் குடிசைகளைக் கற்காரை வீடுகளாக மாற்றுவதென்று கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது. 2011-இல் 300 சதுர அடியில், கதிரொளி விளக்குகளோடு, ஆண்டுக்கு 60,000 வீடுகள் என்று பசுமை வீட்டுத் திட்டம் வந்தது. 2016-இல் தலைமையமைச்சர் பெயரிலான ஊரக வீட்டுத் திட்டம் வந்தது. 2024-இல் 360 சதுர அடியில், வீடொன்றுக்கு 3 இலக்கத்து 50 ஆயிரம் உருபா என்று கலைஞரின் கனவு இல்லம் வந்தது. ஆட்சி மாறுந்தோறும் பெயர் மாறிற்று. பெயர் மாறுந்தோறும் கணக்கேடும் மாறிற்று. பழைய பெயரில் கட்டிய வீட்டைப் புதிய பெயரின் ஏடு ஏறெடுத்தும் பார்ப்பதில்லை!

இவ்வீடுகளின் கணக்கு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தார் வந்து அளக்கின்றனர். அடித்தளம் எழுந்ததா, சுவர் எழுந்ததா, கூரை அமைந்ததா என்று படிப்படியாய் ஒளிப்படம் எடுத்துக் கணினியில் ஏற்றுகின்றனர். படிக்கேற்பப் பணம் வருகிறது. கடைசிப் படம் ஏறியவுடன் 'முடிவுற்றது' என்று ஒரு சொல் விழுகிறது. அச்சொல்லோடு அவ்வீட்டைப் பற்றிய அரசின் நினைவும் முடிவுறுகிறது. பிறகு அவ்வீடு ஊராட்சியின் வீட்டுவரிப் பதிவேட்டில் ஒரு வரியாக இடம்பெறுகிறது. அந்தப் பதிவேடு வரி வந்ததா என்று மட்டும் கேட்கும். கூரை ஒழுகுகிறதா என்று கேட்காது.

வீடு பயன்பெற்றவனுக்கு உரியது, அதன் பழுது அவன் பாடு என்பர். சரி என்றே கொள்வோம். ஆயினும் 2024-இல் தமிழக அரசே என்ன அறிவித்தது? முந்தைய நூற்றாண்டில் அரசுத் திட்டங்களில் கட்டிப் பழுதுபட்டுப் போன வீடுகளுள் 2 இலக்கத்து 50 ஆயிரம் வீடுகளை 2,000 கோடி உருபாவில் சீர்செய்வோம் என்று அறிவித்தது. வகுத்துப் பார்த்தால் வீடொன்றுக்கு 80,000 உருபா. பழுது அரசின் பொறுப்பன்று என்றால் இவ்வறிவிப்பு எதற்கு? பொறுப்புதான் என்றால், அவ்வீடுகளின் நிலையை ஆண்டுதோறும் எழுதிவைக்கும் ஏடு எங்கே? ஐந்நூறு உருபாவில் அடைக்கவேண்டிய வெடிப்பைப் பார்ப்பார் இல்லாமையால், அது எண்பதாயிரம் உருபாச் செலவாய் வளர்கிறது.

மலைக்கென்று ஒரு தனித்துன்பமும் உண்டு. 2016-ஆம் ஆண்டுத் திட்டத்தில் நடுவணரசு சமவெளிக்கு 1 இலக்கத்து 20 ஆயிரம் உருபா என்றும், மலை மாநிலங்களுக்கும் கடினப் பகுதிகளுக்கும் 1 இலக்கத்து 30 ஆயிரம் உருபா என்றும் வகுத்தது. வேறுபாடு பத்தாயிரம்! சேலத்திலிருந்து 20 கொண்டையூசி வளைவுகள் ஏறி, அதன்பின் ஊர்ப்பாதையில் தலைச்சுமையாய்ப் போகும் மணலுக்கும் செங்கல்லுக்கும் பைஞ்சுதைக்கும் அப்பத்தாயிரம் எத்துணை நாள் தாங்கும்? எட்டாத குறையை ஏழை கடன் வாங்கி நிரப்புகிறான். அக்கடன் எந்த அறிக்கையிலும் இல்லை.

இனித் தோட்டத் தொழிலாளர் நிலையைப் பாருங்கள். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளர்க்கு வீடு தரும் கடமையைத் தோட்டமுடையார்மேல் வைத்தது. 1981-இல் அதனைத் திருத்தி, வீடு இடிந்து உயிரோ உறுப்போ போயின் இழப்பீடு தரவேண்டும் என்றும் சேர்த்தனர். பின்னர் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பிலும் வீட்டுக் கடமை இடம்பெற்றது. ஆனால் இதனைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை, ஊராட்சியன்று. அதனால் ஊர் நடுவில் நிற்கும் வரிசை வீடுகள் ஊரவையின் கண்ணுக்குத் தெரிவதில்லை. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. சொந்த மனை இல்லாதவனுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாதவன் பெயர் வீட்டுத் திட்டத்தில் ஏறுவது அரிது. நாற்பதாண்டு இம்மலையில் உழைத்தவன் இரண்டு ஏட்டுக்கும் இடையில் விழுந்து காணாமற் போகிறான்.

கணக்குக் காட்டுவது நமக்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைப் பாருங்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவனும் அவன் உறவினரும் மீண்டும் குடவோலையில் இடம்பெறலாகாது என்று கல்லில் வெட்டி வைத்தனர். பெருமைப்படலாம், ஆனால் முழுமையும் சொல்லவேண்டும். அது பார்ப்பனர்க்கு விடப்பட்ட ஊரின் அவை. வரிகட்டும் கால்வேலி நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவனே அதில் பெயர் எழுதப்பெறுவான். வீடற்றவனுக்கு அன்று அவையில் வாரியப் பொறுப்பு இல்லை. இன்று வீடற்றவனும் ஊரவையில் எழுந்து கேட்கலாம். இவ்வுரிமை பெரிது, இதைப் பயன்படுத்தாமல் விடுவது அதனினும் பெரிய இழப்பு.

ஆங்கில நாட்டில் 1919-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப்பின் உள்ளாட்சிகள் பெருமளவில் வீடு கட்டி வாடகைக்கு விட்டன. அவ்வீடுகளின் வரவு செலவுக்கு 1935 முதல் தனிக் கணக்கு வைக்கப்பட்டது. 1989-ஆம் ஆண்டுச் சட்டம் அக்கணக்கைப் பொதுக் கணக்கோடு கலக்கவிடாமல் வேலியிட்டது. அவர்கள் முறை நம் முறையன்று. அங்கே வீடு உள்ளாட்சிக்கே சொந்தம். ஆயினும் கட்டிய வீட்டிற்கு அதன் வாழ்நாள் முழுதும் கணக்கு உண்டு என்னும் அவ்வொன்றை நாமும் கொள்ளலாம்.

நம் நாட்டில் 73-ஆம் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிக்குத் தரத்தக்க 29 துறைகளுள் ஊரக வீடும் ஒன்று. பொதுவுடைமைகளைப் பேணுதலும் ஒன்று. 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. ஆனால் பழங்குடிப் பகுதி ஊரவைகளுக்குத் தனி ஆற்றல் தந்த 1996-ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்தாம் அட்டவணைப் பகுதி தமிழ்நாட்டில் ஒன்றும் இல்லாமையால், இம்மலைக்கு எட்டவில்லை. போதாக்குறைக்கு 2016 அக்தோபர் முதல் 2019 இறுதித் தேர்தல் வரை மூன்றாண்டுக்கு மேல் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லை. அத்தேர்தலில் வந்தவர்களின் காலமும் 2025 சனவரி 5-ஆம் நாள் முடிந்து, பொறுப்பு மீண்டும் தனி அலுவலர் கைக்குப் போயிற்று. கேட்கத் தலைவர் இல்லாதபோது கணக்கை யாரிடம் கேட்பது?

மொழிக்கு வருகிறேன். மலையாளித் தாய் ஒருத்தி தனக்குக் கிடைத்த வீட்டின் திட்டத்திற்கு என்ன பெயர் என்று சொல்ல நாவைச் சுழற்றவேண்டியிருக்கிறது. 'ஆவாசு யோசனா' என்கின்றனர். 'ஆவாசு' என்றால் உறைவிடம் என்று அவளுக்குச் சொன்னவர் யார்? 1956-லேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் செய்த நாட்டில், அவள் வீட்டுக் கணக்கு அவளால் படிக்க முடியாத எழுத்தில் கணினித் திரையில் கிடக்கிறது. படிக்க முடியாத கணக்கு, காட்டாத கணக்கே!

ஆகவே நாம் செய்யவேண்டுவன மூன்று. முதலாவது, ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரே வீட்டுடைமைப் பதிவேடு வேண்டும். எந்தத் திட்டம், எந்த ஆண்டு, பட்டா உண்டா, யார் குடியிருக்கிறார், கூரை எந்நிலை, கடைசியாய்ப் பழுதுபார்த்தது எப்போது என்னும் ஆறு கட்டங்கள் போதும். தோட்டத்து வரிசை வீடுகளும் அதில் ஏறவேண்டும். இரண்டாவது, அது தமிழில் எழுதப்பட்டு, ஆண்டுதோறும் ஊரவையில் உரக்கப் படிக்கப்படவேண்டும். 2022 முதல் ஊரவை கூடும் நாள்கள் நான்கிலிருந்து ஆறாக உயர்ந்தன. அவற்றுள் ஒருநாளை வீட்டுக் கணக்கு நாளாகக் கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 4-ஆம் பிரிவு, மானியத் திட்டங்களின் பயன்பெற்றோர் பட்டியலை எவரும் கேளாமலே வெளியிடும் கடமையை அலுவலகங்கள்மேல் வைத்திருக்கிறது. அதனைச் சுட்டித் தமிழில் ஒரு மடல் எழுதுங்கள். தனி அலுவலர் ஆளும் காலத்திலும் அக்கடமை நிற்கும்.

இவ்விளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த மழைக்குமுன் உங்கள் ஊரின் தொகுப்பு வீடுகளை நீங்களே நடந்து சென்று எண்ணுங்கள். ஒரு சுவடியும் எழுதுகோலும் போதும். எந்தெந்த வீடு ஒழுகுகிறது என்று குறித்து, ஊரவையில் எழுந்து படியுங்கள். அலுவலகத்தின் எண்ணும் உங்கள் எண்ணும் ஒத்துவந்தால் மகிழ்வோம். ஒத்துவராவிடின், வேறுபாட்டுக்கு விளக்கம் கேட்போம்.