கொட்டகை போயிற்று, சொற்களுமா போகவேண்டும்?

(திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

    

தொல்காப்பியத்தைப் பற்றியோ திருக்குறளைப் பற்றியோ நான் பேசுவேன் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேச எடுத்துக்கொண்ட பொருளோ கீற்றுக் கொட்டகை. ஆம், மணலிற் குந்திப் படம் பார்த்தோமே, அந்தக் கொட்டகையேதான். 'திரைப்படம் தமிழனைக் கெடுத்தது' என்று மேடைதோறும் முழங்கிய நம்மனோர்க்கு இது பொருந்தாப் பொருளாகத் தோன்றலாம். யானும் அவ்வாறு முழங்கியவனே. அம்முழக்கத்திற் பாதி பிழை என்பதை ஒப்புக்கொள்ளவே இன்று உங்கள்முன் நிற்கின்றேன்.

முதற்கண் வரலாற்றைச் சிறிது காண்போம். 1905-ஆம் ஆண்டில், திருச்சிராப்பள்ளியில் தொடர்வண்டித் துறையில் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்செண்டு என்னும் தமிழர், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படங்காட்டும் பொறியொன்றை விலைக்கு வாங்கினார். கூடாரத்தைச் சுமந்து ஊர் ஊராகச் சென்று மக்களுக்குப் படங்காட்டினார். 1914-இல் கோயமுத்தூரில் நிலையான அரங்கொன்றை எழுப்பினார். 'வெரைட்டி ஆல்' என்னும் அதன் பெயர் அந்நகரில் ஒரு சாலைக்கும் பெயராக நின்றுவிட்டது. சென்னையிலோ 'எலெக்ட்ரிக்', 'கெயிட்டி', 'எல்பின்சுடன்', 'வெலிங்டன்', 'குளோப்' என்று அரங்குகள் எழுந்தன. பெயரெல்லாம் வெள்ளையன் பெயர்.

1931-இல் 'காளிதாசு' வெளிவந்து திரை வாய்திறந்தது. அதிலும் தமிழோடு தெலுங்கும் பிறமொழியும் கலந்தே ஒலித்தன. இவ்வாறு பொறியும் அயலது, அரங்கின் பெயரும் அயலது, மொழியும் கலவை என்னும் நிலையிற்றான் இக்கலை நம்மிடம் வந்தது.

ஆனால், அது சிற்றூருக்கு வந்தபோது என்ன நடந்தது? இதுவே என் உரையின் உயிர்நிலை. அருள்கூர்ந்து செவிமடுக்க வேண்டுகிறேன்.

'டூரிங் டாக்கீசு' என்று உரிமத் தாளில் எழுதப்பட்டதை மக்கள் 'கொட்டகை' என்றனர்; எங்கள் வடபுலத்தில் 'கொட்டாய்' என்றனர். கூத்தும் நாடகமும் நடந்த இடத்திற்குரிய பெயரை எடுத்துப் புதிய பொறி நிற்கும் இடத்திற்கு இட்டனர். இரவுக் காட்சிகளை 'முதலாட்டம்', 'இரண்டாம் ஆட்டம்' என்றனர். ஆடுவோர் எவரும் அங்கில்லை, ஒளிதான் ஆடிற்று. எனினும் கூத்தின் சொல்லே நிலைத்தது. படச்சுருள் வந்த தகரப் பேழை 'படப்பெட்டி' ஆயிற்று. மணலில் அமர்வதற்குத் 'தரைச் சீட்டு'. ஒற்றைப் பொறியிற் சுருள் மாற்ற விட்ட நேரம் 'இடைவேளை'. 'பெட்டி வந்துவிட்டதா?' என்று ஊரே கேட்டது; 'படம் விட்டாயிற்று' என்று ஊரே கலைந்தது.

அன்பர்களே! இச்சொற்களை எந்தக் கலைச்சொற் குழு ஆக்கித் தந்தது? எந்தப் புலவர் ஆய்ந்து வெளியிட்டார்? ஒருவருமில்லை. கையெழுத்திடவும் அறியாத உழவரும் நெசவாளரும் வண்டியோட்டிகளும் ஆக்கிய சொற்கள் இவை. அயல்நாட்டுப் பொறியொன்றைத் தமிழ் தன் வீட்டுப் பொருளாக்கிக்கொண்ட பட்டறை அந்தக் கீற்றுக் கொட்டகை.

இனி, என் வீட்டுச் செய்தியொன்று. என் தாய் கூலிக்கு நடவு நட்டவர், எழுத்தறியாதவர். ஊரின் கிழக்கே ஏரிக்கரையை ஒட்டிக் கொட்டகை இருந்தது. பொழுது சாயும் வேளையில் ஒலிபெருக்கியில் சீர்காழியாரின் குரல் எழும். அது கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டுப் பெண்கள் கூட்டமாகப் புறப்படுவர். 1952-இல் வந்த 'பராசக்தி'யும் 1954-இல் வந்த 'மனோகரா'வும் என் இளமையிலும் அங்கு மீண்டும் மீண்டும் ஓடின. அவற்றின் உரையாடலைப் பத்தி பத்தியாக என் தாய் நடவு வயலிற் சொல்வார். ழகரமும் றகரமும் பிசகாது சொல்வார். அவர் நாவில் ஏறிய செந்தமிழ் பள்ளியில் ஏறியதன்று. மணலில் அமர்ந்து செவிவழி ஏறியது.

பின்னர் யான் தமிழ்க் கல்லூரியிற் பயின்று புலவர் பட்டத்தோடு ஊர் திரும்பினேன். ஒருநாள் அவர் அவ்வாறு சொல்லிக்கொண்டிருக்கையில், 'கொட்டாய்த் தமிழெல்லாம் ஒரு தமிழா, அம்மா?' என்று இகழ்ந்து நகைத்தேன். அவர் ஒன்றும் கூறவில்லை. அதன்பின் என் காதுபட அந்த உரையாடல்களை அவர் சொன்னதேயில்லை. அவர் மறைந்து பதினோராண்டுகள் ஆகின்றன. நூறு மேடைகளில் தமிழ் வளர்க்கப் பேசிய யான், என் வீட்டில் ஒரு தமிழ்நாவை அடக்கினேன். இதனை இங்கு மறைப்பேனாயின் என் உரை பொய்யுரையாகிவிடும்.

கொட்டகையைப் பொன்னுலகு என்று சொல்ல வரவில்லை. கீற்றும் மூங்கிலும் நெருப்புக்கு எளிய இரை. 1979-இல் தூத்துக்குடியில் ஒரு கொட்டகை பற்றியெரிந்து பல உயிர்களைக் குடித்தது. நடிகரைத் தெய்வமாக்கிய மயக்கமும் அங்கே வளர்ந்ததுதான். ஆயினும் ஒன்றை மறுக்கவியலாது. தேநீர்க்கடையில் தனிக்குவளை வைத்த ஊரில், கோயிலுள் ஒரு பகுதியினரை விடாத ஊரில், காசு கொடுத்தவர் எவராயினும் அந்த மணலில் அமரலாம். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதற் கலையிடம் திரையரங்கே என்று ஈழத்துப் பேரறிஞர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டியுள்ளார். நாற்காலிக்கு ஒரு விலை, தரைக்கு ஒரு விலை என்னும் வேற்றுமை இருந்தது. அது காசின் வேற்றுமை, பிறப்பின் வேற்றுமையன்று.

அந்தக் கொட்டகைகள் எங்ஙனம் மறைந்தன? ஒரே நாளில் மறையவில்லை. 1975-இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தோன்றியது. 1980-களில் ஒளிநாடாப் பெட்டி தெருவுக்கு வந்தது; வாடகைக்கு எடுத்து ஒரே இரவில் மூன்று படம் பார்த்தனர். 1990-களில் கம்பிவழித் தொலைக்காட்சி வீட்டுக்குள் நுழைந்தது. சாலையோர நிலம் விலையேற, கொட்டகை நின்ற இடம் மனைகளாயிற்று. பின்னர்ப் படச்சுருளே ஒழிந்து எண்ணியல் முறை வந்தது. புதுக்கருவி வாங்க இயலாத சிறு அரங்குகள் கதவடைத்தன. எஞ்சியவற்றுட் பல, 2020-இல் நோய்த்தொற்றால் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தமையால் தளர்ந்தன.

பேரரங்குகளும் தப்பவில்லை. மதுரையில் 1952-இல் 'பராசக்தி'யோடு திறக்கப்பட்ட 'தங்கம்' என்னும் மாபெரும் அரங்கு நின்ற இடத்தில் இன்று துணிக்கடை. 1937-இல் வெளிவந்த 'சிந்தாமணி' ஈட்டிய ஊதியத்தால் அதே நகரில் அப்பெயரிலேயே எழுந்த அரங்கும் போயிற்று.

காலம் மாறும், கருவி மாறும். அதற்காக அழுவதில் பயனில்லை. நான் அழுவது வேறொன்றுக்கு. சென்ற ஆண்டு என் மகள் என்னை நகரத்து வணிக வளாகமொன்றிற்குப் படம் பார்க்க அழைத்துச் சென்றாள். படம் தமிழ்ப்படம். வாயிலிற் பெயர் ஆங்கிலம். சீட்டில் ஓரெழுத்துத் தமிழில்லை. அரங்கு 'ஸ்கிரீன்', காட்சி 'ஷோ', இடைவேளை 'இன்டர்வெல்', சோளப்பொரியோ 'பாப்கார்ன்'. இருக்கைக்கு வழிகாட்டிய இளைஞன் தமிழன்; என்னிடம் ஆங்கிலத்திற் பேசினான். 'இரண்டாம் ஆட்டம் எப்போது விடுவார்கள், தம்பி?' என்று கேட்டேன். அவனுக்கு விளங்கவில்லை, அவன்மீது பிழையுமில்லை. அச்சொல்லை அவனிடம் ஒப்படைக்க வேண்டிய நாம் ஒப்படைக்கவில்லை.

2006-இல் தமிழ்நாட்டரசு, தமிழிற் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரியிலிருந்து விலக்களித்தது. அதனை வரவேற்றோம். ஆனால் படத்தின் பெயரைப் பார்த்த நாம், அப்படம் ஓடும் இடத்தின் பெயரைப் பார்க்கவில்லை. எழுத்தறியா மக்கள் தமிழாக்கித் தந்ததை எழுத்தறிந்த நாம் ஆங்கிலமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

ஆகவே மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒன்று: உங்கள் ஊரில் கொட்டகை நடத்தியவர், பொறி இயக்கியவர், சீட்டுக் கிழித்தவர், முறுக்கு விற்றவர் எவரேனும் இருப்பார். இவ்வாரமே சென்று அவர் சொற்களை எழுதிக் கொணருங்கள். அவர் எழுபதைக் கடந்திருப்பார். காலம் நமக்காகக் காத்திராது.

இரண்டு: பெயர்ப்பலகையில் தமிழே முதன்மை பெறவேண்டும் என்னும் விதி நம் நாட்டில் உள்ளது. திரையரங்குகளும் அதற்கு அடங்கியவையே. பலகையிலும் சீட்டிலும் தமிழ் வேண்டுமென்று எழுதிக் கேளுங்கள், மீண்டும் கேளுங்கள்.

மூன்று: திங்களுக்கு ஒருமுறை ஊர்த்திடலில் ஒரு வெள்ளைத் துணி கட்டுவோம். இன்றைய சிறு கருவியே போதும். நல்ல தமிழ் ஒலிக்கும் பழம்படமொன்றைக் காட்டுவோம். முதலாட்டம் என்றே அறிவிப்போம். வருவோர் எவராயினும் ஒரே தரையில் அமரட்டும்.

அங்கே ஏதேனும் ஒரு தாய், படம் விட்டபின் அதன் உரையாடலைத் தன் போக்கிற் சொல்லிக்கொண்டு நடப்பாராயின், அவரை எவரும் திருத்தவேண்டா, நகைக்கவும் வேண்டா. பின்னால் நடந்து கேளுங்கள். எனக்குக் கிட்டிய அந்தப் பேற்றை நான் தொலைத்தேன். நீங்கள் தொலைக்க வேண்டா.

வாழ்க தமிழ்!