ஆற்று நீரும் ஆற்றுப் படுகையும்

ஓடுகின்ற ஆறு எவருக்கு உரியது? இக்கேள்வியைக் கரையில் நிலமுடைய உழவனிடம் கேட்டால் ஒரு விடையும், ஓடக்காரனிடம் கேட்டால் வேறொரு விடையும் கிடைக்கும். இருவர் கூற்றும் முற்றும் பொய்யன்று. அதனாலேயே வழக்கு நீள்கின்றது.

பழைய உரோமர் இதற்கு ஒரு வழி கண்டிருந்தனர். கி. பி. 533ஆம் ஆண்டில் யுஸ்டீனியன் பேரரசன் வெளியிடச் செய்த சட்டப் பாடநூல், ஆறுகளும் துறைமுகங்களும் பொதுமக்களுக்கு உரியவை என்கின்றது. அம்மட்டில் அது நின்றுவிடவில்லை. கரை அயல்நிலத்தானின் உடைமையே. ஆயினும் ஓடத்தைக் கரையில் அணைக்கவும், அங்கு நிற்கும் மரத்திற் கயிற்றைக் கட்டவும், சரக்கை இறக்கி வைக்கவும் எவருக்கும் உரிமை உண்டு என்று விதிக்கின்றது. ஓடுகின்ற ஓடம் எங்கேனும் ஓரிடத்தில் நின்றேயாக வேண்டும் என்பதை அந்த நீதிவாணர் மறக்கவில்லை. நம் நாட்டிலே பொதுச் சட்டமாய் விளங்கும் உரோம ஒல்லாந்தச் சட்டமும் அந்த வேரிலிருந்து கிளைத்ததே.

அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியில், பரந்த பண்ணைகளுக்குள் ஆறுகள் புகுந்து செல்லும் மலைநாட்டில், இவ்வழக்கு வேறோர் உருவம் எடுத்தது. வணிகப் போக்குவரத்துக்கு உண்மையிற் பயன்படுவது அல்லது பயன்படத்தக்கது எதுவோ அதுவே கலஞ்செல் ஆறு என்று 1871ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் வரையறுத்தது. ஒரு மாநிலம் ஒன்றியத்திற் சேர்ந்த நாளில் கலஞ்செல்லத்தக்கதாய் இருந்த ஆற்றின் படுகை அம்மாநிலத்துக்கு உரியது. மற்றவற்றின் படுகை பெரும்பாலும் கரைக்காரனுக்கு உரியது. இந்தப் பிரிவிலேதான் சிக்கல் முளைத்தது.

கொலராடோ மாநிலத்தின் 1876ஆம் ஆண்டு அரசியலமைப்பு, இயற்கை நீரோடைகளின் நீர் மக்களின் உடைமை எனத் தெளிவாகவே கூறுகின்றது. அதை நம்பியோ என்னவோ, 1976ஆம் ஆண்டில் மூவர், பொது நிலத்திலிருந்து தெப்பமேறிக் கொலராடோ ஆற்றில் மிதந்து வந்தனர். இரு கரையும் ஒரே பண்ணைக்கு உரிய இடமொன்று வந்தது. பாறையில் மோதாதிருக்கவும், தொங்கும் முட்கம்பிக்குத் தப்பவும் அவர்கள் இடையிடையே அடியிலே காலூன்றினர். குற்றம் அதுவே! அத்துமீறிப் புகுந்தார் எனத் தண்டிக்கப்பட்டனர். 1979இல் மாநில உயர் நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. நீர் மக்களுடையது என்ற வாசகம், பாசனம் முதலியவற்றுக்காக நீரை எடுத்துக்கொள்வது பற்றியதேயன்றி, உல்லாசமாக மிதப்பது பற்றியதன்று என்பது நீதிபதிகளின் கருத்து. படுகையைத் தொடாது மிதப்பது குற்றமாகாது என்று 1983இல் சட்டமா அதிபர் விளக்கம் தந்தார். ஆழமற்ற மலையாற்றிலே நிலத்தைத் தொடாமற் செல்வது எவர்க்கு இயலும்? கையிற் கொடுத்துக் காலைக் கட்டிய கதைதான் இது.

அதற்கு வடக்கே மொன்டானா மாநிலத்தில் டியர்போர்ன் என்றோர் ஆறு உண்டு. 1880களில் ரெயில் பாதைக்கான சிலிப்பர் கட்டைகள் அதில் மிதக்கவிடப்பட்டன. அன்று மிதந்த கட்டைகளே பின்னாளில் மக்களுக்குச் சாட்சியாய் நின்றன; அவ்வாறு கலஞ்செல்லத்தக்கது என்று 1984ஆம் ஆண்டில் நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அது மேலும் ஒருபடி சென்றது. மேற்பரப்பு நீர் பொழுதுபோக்குக்கு ஏற்றதாயின், படுகை எவருடையதாயினும், உயர்நீர் எல்லைவரை மக்கள் அதனைப் பயன்படுத்தலாம் என்றது. அதே ஆண்டில் பீவர்ஹெட் ஆற்று வழக்கிலும் இவ்வாறே தீர்ப்பாயிற்று. ஆற்றின் குறுக்கே தடையிருந்தால், நிலத்துக்கு இயன்றவரை ஊறு செய்யாது கரையேறிச் சுற்றிச் செல்லலாம் என்றும் கூறப்பட்டது. அடுத்த ஆண்டில் இது சட்டமுமாயிற்று.

பண்ணையாளரின் அச்சத்தை நகைத்துத் தள்ளுதல் தகாது. வேலி அறுந்தால் மாடு வெளியேறும். வருவோர் எல்லோரும் நல்லவர் அல்லர். அச்சட்டம் எல்லை கடந்த இடத்தில் 1987ஆம் ஆண்டில் நீதிமன்றமே அதைக் குறுக்கியது. படுகையில் இரவு தங்குதல், பெருவிலங்கு வேட்டையாடுதல், சுற்றுவழி அமைக்கும் செலவை நிலக்காரன் தலையிற் சுமத்துதல் என்பவை நீக்கப்பட்டன. நீரைப் பயன்படுத்த எவ்வளவு தேவையோ அவ்வளவே படுகைமீது உரிமை. என் மனத்துக்கு இது நேரிய அளவாகவே படுகின்றது.

எல்லா மாநிலமும் இவ்வழி வரவில்லை. யூட்டா மாநிலத்தில் 2008இல் நீதிமன்றம் வழங்கிய உரிமையை 2010இற் சட்டசபை சுருக்கிவிட்டது. மொன்டானாவிலும் பூசல் ஓயவில்லை. ஆற்றில் உரிமை உண்டு. ஆற்றை அடைவது எங்ஙனம்? பொதுத் தெருவின் பாலத்தருகே இறங்கலாமென்றால், பாலத்தோடு சேர்த்து வேலி கட்டப்பட்டிருந்தது. 2009ஆம் ஆண்டுச் சட்டம் இருவரையும் ஒருவாறு இணக்கியது. மாட்டைத் தடுக்கப் பாலத்தோடு வேலியைப் பொருத்திக்கொள்ளப் பண்ணையாளருக்கு இடமுண்டு. அவ்வேலியிலே மனிதர் நுழைந்து ஆற்றுக்கு இறங்க ஒரு வழி விடப்பட்டிருத்தல் வேண்டும்.