கயிறு எட்டாத ஆழம்



மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியில் அமைந்தது பலாபத்வல. அங்கிருந்து இரவு வானத்தை அண்ணாந்து நோக்குபவருக்கு, விண்வெளிப் பயணமே ஆபத்துகளில் தலையாயது என்று தோன்றுவது இயல்பு. கடல் அங்கே கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எனினும் அவ்வழி கடலோடு உறவுடையது. 19ஆம் நூற்றாண்டிலே மன்னார்க் கரையில் வந்திறங்கிய தமிழ்த் தொழிலாளர், காடு கடந்து, தம்புள்ளை மார்க்கமாக நடந்தே மாத்தளைத் தோட்டங்களை அடைந்தனர்.

அதே மன்னார்க் கடலில் முத்துக்குளிப்போர், கயிற்றிற் கட்டிய கல்லின்மேற் காலூன்றி, மூச்சையடக்கி ஆழத்தில் இறங்கினர். இன்னொரு கயிறு அவரைப் படகோடு பிணைத்திருந்தது. அதை அசைத்ததும் மேலிருந்தவர் இழுத்துக்கொண்டார். சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று ‘கடல்கட்டி’ என்னும் மந்திரவாதிக்கு ஆங்கில அரசாங்கம் சம்பளமும் கொடுத்தது! மந்திரம் பலித்ததோ இல்லையோ, காப்பாற்றியது கயிறுதான் என்பேன்.

கயிறு எட்டாத ஆழத்தில் நிலைமை என்ன?

விண்வெளியில் கலத்தின் உள்ளிருக்கும் காற்று வெளியேறாமற் காக்கவேண்டும். அக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவே. அதுவும் அற்பமன்று, 1971ஆம் ஆண்டில் சோயுஸ் 11 கலத்தின் காற்று கசிந்து மூவர் மாண்டனர். கடலிலோ ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. சென்னைத் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய ‘மத்ஸ்யா 6000’ கலம் 6,000 மீற்றர் ஆழத்துக்கென வகுக்கப்பட்டது. அது பிதுருதலாகலை மலையின் உயரத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல். அங்கே விரல் நகமளவு இடத்தில் ஏறக்குறைய 600 கிலோகிராம் பாரம் அழுத்தும். ஆதலால் மூவர் அமரும் கோளத்தை 80 மில்லிமீற்றர் தடிப்புள்ள தைத்தேனியத்தால் அமைத்தனர்.

அழுத்தத்தினும் கொடியது மௌனம் என்பது என் கருத்து. இவ்வுரையை உங்களிடம் கொணரும் வானொலி அலை மலைநாடெங்கும் பரவும். கடல்நீரிலோ சிறிது தூரத்திலேயே அவிந்துவிடும். ஒலியலையே அங்கு தூது. அது வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்லும். 6,000 மீற்றர் கடக்க நான்கு வினாடி ஆகும். சந்திரனுக்கு வானொலிச் செய்தி போய்ச்சேர ஒன்றேகால் வினாடி அளவே வேண்டும். செய்தியைப் பொறுத்தவரை, கடலடியைவிடச் சந்திரன் அண்மையில் உள்ளது!

1970இல் அப்பலோ 13 கலத்தின் பிராணவாயுத் தாங்கி வெடித்தபோது, பூமி மூன்று இலட்சம் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தது. ஆயினும் வீரர் மூவரும் ஹூஸ்டன் நிலையத்தோடு பேசி, ஆலோசனை பெற்று, உயிருடன் மீண்டனர். 2023ஆம் ஆண்டு யூன் 18ஆந் திகதி, டைட்டானிக் கப்பலின் சிதைவைக் காண ஐவருடன் இறங்கிய டைட்டன் கலத்திலிருந்து செய்தி நின்றது. மேலே துணைக்கப்பல் சில கிலோமீற்றர் தூரத்திலேயே நின்றது. கலம் நொறுங்கியதென்று உறுதிப்பட நான்கு நாட்கள் சென்றன.

விண்கலத்துக்கு இல்லாத ஒரு வசதி ஆழ்கடற் கலத்துக்கு உண்டு. 1960 சனவரி 23இல் பிக்கார்டும் வால்ஷும் ‘திரியெஸ்த்’ கலத்தில் சுமார் 10,900 மீற்றர் ஆழத்தை எட்டினர். வழியிலே சன்னலொன்று வெடிப்புக்கண்டது. அவர்களைக் கீழே கொண்டுசென்றது இரும்புக் குண்டுகளின் பாரம். அக்குண்டுகளை மின்காந்தம் பிடித்திருந்தது. மின்சாரம் அற்றுப்போயின் குண்டுகள் தாமே உதிரும். முத்துக்குளிப்பவன் கல்லை விட்டெழுவதுபோல், கலம் எவர் உதவியுமின்றி மேலெழும்.