கட்டவிழ்க்கும் கைகள்

(ஜூபிலி விழாத் தியானத்தின் இரண்டாம் நாள் மாலை பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி என்றதும் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் லேவியர் ஆகமத்தில் ஜூபிலி என்பது அடிமைகள் விடுதலை பெற்றுத் தத்தம் குடும்பத்துக்குத் திரும்பும் ஆண்டு. நம் பங்கில் யார் வீடு திரும்ப வேண்டியிருக்கிறது என்று கேட்டால், தாய்மார்கள் பலர் தலை குனிந்து கொள்வார்கள். ஆகவே குடிக்கு அடிமைப்பட்ட நம் சகோதரர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இவர்களை மனவுறுதி அற்றவர்கள் என்று பழிக்கிறோம். தவக்காலம் நாற்பது நாளும் ஒரு சொட்டும் தொடாதவர்கள் இவர்களில் உண்டு. வேளாங்கண்ணிக்கு நடந்து சென்று திரும்பும் வரை சுத்தமாய் இருப்பவர்களும் உண்டு. பாஸ்கு கழிந்ததும், கூலி கைக்கு வந்ததும் மீண்டும் கடைவாசல். அவர்கள் எடுத்த சபதம் பொய்யன்று. சபதத்துக்குத் துணை இல்லை. அதுதான் குறை.

குடிநோய் ஒரு நோய் என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டு நெடுங்காலம் ஆகிறது. பல ஆண்டுகளாக நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை உண்டாகலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் சோற்றிலும் குழம்பிலும் மருந்து கலக்காதீர்கள். அதன்மேல் அவர் குடித்தால் பெருந்தீங்கு விளையும்.

மருத்துவம் உடலைத் தேற்றும். அதன்பின் வரும் நாட்களுக்குத் துணை எங்கே?

1935-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அக்ரான் நகரில், தொழில் தோற்றுத் தனியே நின்ற பில் வில்சன் என்பவருக்கு மீண்டும் குடிக்கும் ஆசை எழுந்தது. விடுதியின் மதுக்கூடம் எதிரிலேயே இருந்தது. அவர் அதற்குள் போகவில்லை. ஆலயங்களின் பட்டியலைப் பார்த்து ஒரு போதகருக்குத் தொலைபேசியில் பேசினார். அதன் வழியாகப் பாப் ஸ்மித் என்ற குடிநோயாளி மருத்துவரைச் சந்தித்தார். ஒருவர் துயரை மற்றவர் கேட்டார், இருவரும் பிழைத்தார்கள். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', சுருக்கமாக ஏ.ஏ., அப்படிப் பிறந்தது. 1939-இல் அதே நகரின் புனித தோமையார் மருத்துவமனையில் இக்னேஷியா என்னும் கன்னியாஸ்திரி இந்நோயாளிகளைச் சேர்த்துக் கவனிக்கத் தொடங்கினார். வீடு திரும்புவோர் கையில் திரு இருதயப் பதக்கம் ஒன்றைக் கொடுத்து, மீண்டும் குடிக்க நேர்ந்தால் அதற்குமுன் இதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பாராம்!

நம் நாட்டில் ஏ.ஏ. 1957 முதல் இயங்குகிறது. பம்பாய் பாந்திராவில் அருட்தந்தை ஜோ பெரைரா 1981-இல் தொடங்கிய கிருபா நிறுவனமும் ஏ.ஏ. வழியைத் தழுவியதே. சென்னையில் திருமதி சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடிநோய்ச் சிகிச்சைக்குப் பெயர் பெற்றது.

அக்கூட்டத்தில் என்ன நடக்கும் என்று அஞ்ச வேண்டாம். கட்டணம் இல்லை, கையெழுத்து இல்லை, சாதி, மதம் கேட்பதில்லை. குடியை நிறுத்த விரும்பினால் போதும். பெயரை மட்டும் சொல்லி ஒருவர் தம் கதையைப் பேசுவார். மற்றவர் குறுக்கிடாமல் கேட்பர். பேச விருப்பமில்லையேல் சும்மா அமர்ந்திருக்கலாம். ஆயுள் முழுதும் குடிக்கமாட்டேன் என்று அங்கே எவரும் சபதம் செய்வதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்பது, நாளை மறுபடியும் அவ்வாறே. அங்கே கேட்டது வெளியே போகாது. இடையில் தவறியவரும் மீண்டும் வரலாம், விரட்டுவோர் இல்லை. இது அருட்சாதனங்களுக்கு மாற்று அன்று. பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருந்து எழுந்தவர் மறுபடி விழாதிருக்கப் பிடித்துக்கொள்ளும் கை.

இடம் தேடுவோர் அரசின் 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் போதை மீட்பு ஆலோசனை கேட்கலாம். மருத்துவரிடம் கேட்கலாம். என்னிடமும் வரலாம். சென்னையில் தமிழிலேயே நடைபெறும் கூட்டங்கள் உண்டு. "ஊரார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?" என்கிறீர்களா? தெருவில் விழுந்து கிடந்ததைப் பார்த்த ஊர், எழுந்து நடப்பதையும் பார்க்கட்டுமே. முதல் நாள் தனியே போகக் கூச்சமானால் அண்ணனோ மச்சானோ வாசல் வரை கூடப் போங்கள். குடும்பத்தாருக்கென அல்-அனான் என்ற தனிக் கூட்டமும் 1951 முதல் உலகில் உண்டு. தாய்மார்களே, கணவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். உங்கள் கண்ணீருக்கும் கேட்கும் செவி வேண்டும்.

லாசரை உயிர்ப்பித்தவர் ஆண்டவர். ஆனால் அவனுடைய கட்டுகளை அவிழ்க்கும் வேலையைச் சுற்றி நின்றவர்களிடம் விட்டார். நம் காஞ்சியில் கோர்வைச் சேலை நெய்வோருக்கு இது நன்கு விளங்கும். உடலுக்கு நெய்பவர் ஒருவர். கரைக்கு நாடா எறிய அருகில் இன்னொருவர். எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் பழைய முறையில் தனியே அதை நெய்ய முடியாது.

ஆகவே பங்கு மக்களே, மீண்டுவரும் சகோதரனைக் கேலி செய்யாதீர்கள். கலியாண வீட்டில் "இன்றைக்கு மட்டும்" என்று கிளாஸை நீட்டாதீர்கள். கூலி வாங்கும் நாளில் அவரோடு பேசிக்கொண்டே வீடு வரை நடந்து செல்லுங்கள். அன்று அந்த வீட்டில் ஜூபிலி பிறக்கும்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.