பழைய நெம்புத் துவக்கும் அமெரிக்க வேட்டைக்காரனும்

அமெரிக்காவின் சிறுபட்டினங்களில் இரும்புச் சாமான் கடைகளும் அடைவுகடைகளும் பாவித்த துவக்குகளை விற்பது நெடுங்கால வழக்கம். தோட்டக் கருவிகளுக்கும் மீன்பிடித் தூண்டில்களுக்கும் அருகே, சுவரோரத் தட்டில், பிடிமரத்திற் கீறல் விழுந்த பழைய றைபிள்கள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வரிசையில் மிக மலிவாகக் கிடைத்தவற்றுள் ஒன்று நெம்புத் துவக்கு. மார்லின் 336 என்னும் றைபிளொன்றை, நல்ல நிலையிலுள்ளதாகப் பார்த்து, முந்நூறு டொலர் அளவில் வாங்கிக்கொண்டு போகலாம். இன்று அதே துவக்கு, இன்னும் இருபது ஆண்டு தேய்ந்த பின்னர், அறுநூறு எழுநூறு டொலருக்குக் குறையக் கிடைப்பது அரிது. அதன் போட்டித் துவக்காகிய வின்செஸ்ரர் 94, பழைய ஆக்கமாயின், ஆயிரம் டொலரையும் தாண்டிவிடும்.

இவ்வேற்றத்தில் ஒரு பகுதி டொலரின் பெறுமதி குறைந்தமையால் வந்தது என்பதை மறத்தலாகாது. 2005ஆம் ஆண்டில் 300 டொலராக இருந்த பொருளொன்று, பொதுவான விலைவாசி உயர்வை மட்டும் கணக்கிட்டால், இன்று ஏறக்குறைய 500 டொலராகும். எஞ்சிய ஏற்றத்துக்குக் காரணத்தைத் தொழிற்சாலைகளிலும் காடுகளிலும் சட்டசபைகளிலுமே தேடவேண்டும்.

ஆங்கிலத்தில் லீவர் அக்சன் என்று அழைக்கப்படும் இத்துவக்கின் அமைப்பு எளிது. விசைக்குக் கீழே, விரல்கள் நுழையத்தக்க வளையமாக ஓர் இரும்பு நெம்பு இருக்கும். அதைக் கீழ்நோக்கித் தள்ளினால் வெடித்த தோட்டாவின் வெற்றுக் கோது வெளியே தெறிக்கும். குதிரையும் பின்னோக்கி இழுபடும். மீண்டும் மேலே இழுத்தால், குழலுக்கு அடியிலுள்ள குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும் தோட்டாக்களில் ஒன்று அறைக்குள் ஏறிவிடும். தோளிலிருந்து துவக்கை எடுக்காமலே அடுத்த வெடிக்கு ஆயத்தமாகலாம். தோட்டாக்கள் ஒன்றின் மூக்கு மற்றொன்றின் முதுகைத் தொட்டுக்கொண்டிருப்பதால், கூர்நுனி உடைய குண்டு இதற்கு ஆகாது. அதிர்ச்சியில் முன்னுள்ள தோட்டாவை அது வெடிக்கச் செய்துவிடக் கூடும். எனவே மூக்குத் தட்டையான குண்டுகளே வழங்கின. அவை நெடுந்தூரம் விரைந்து செல்வனவல்ல. ஆனால் மரஞ்செறிந்த காட்டில், நூறு யாருக்குள் நிற்கும் மானுக்கு அதுவே போதும்.

இவ்வகைத் துவக்குகளுள் முதன்முதற் பெயர் பெற்றதற்கு பெஞ்சமின் ரைலர் ஹென்றி என்பவர் 1860இல் உரிமை பெற்றார். ஒவ்வொரு வெடிக்கும் மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டித்த காலத்தில், பதினாறு தோட்டா கொள்ளும் துவக்கு ஒரு புதுமையே. அவருடைய முதலாளி ஒலிவர் வின்செஸ்ரர் துவக்குத் தொழிலர் அல்லர். சட்டை தைத்து விற்றுச் செல்வம் சேர்த்தவர். கொனெற்றிக்கற் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் அவர் பெயரால் எழுந்த கம்பனி 1866, 1873 எனத் தொடர்ந்து துவக்குகளை வெளியிட்டது. யூட்டா மாநிலத்துத் துவக்குத் தொழிற் குடும்பத்திற் பிறந்த ஜோன் மோசஸ் பிறவுணிங் வகுத்துக் கொடுத்த 1894ஆம் ஆண்டு அமைப்பே இவற்றுள் தலையாயது. மறு ஆண்டில் அதற்கெனப் புகையற்ற வெடிமருந்துத் தோட்டா ஒன்றும் வந்தது. குழலின் விட்டம் அங்குலத்தில் நூற்றில் முப்பது. மருந்தின் நிறை முப்பது கிறெயின். அதனால் மக்கள் அதை முப்பது-முப்பது என்றனர்.

பண்ணையாளனும் மரம் வெட்டுவோனும் குதிரைச் சேணத்தில் உறையிட்டுத் தொங்கவிட்ட கருவி இது. பத்து இலட்சமாவது வின்செஸ்ரர் 94 சனாதிபதி கூலிட்ஜ் அவர்களுக்கு 1927இலும், இருபது இலட்சமாவது ஐசன்ஹோவர் அவர்களுக்கு 1953இலும் பரிசளிக்கப்பட்டன. மொத்தத்தில் எழுபது இலட்சத்துக்கு மேல் ஆக்கப்பட்ட ஒரு பொருள் அருமையானதாகிவிட்டது என்பதுதான் இக்கதையின் விந்தை. வெள்ளைக் குடியேறிகள் மேற்குப் புலத்தைப் பழங்குடியினரிடமிருந்து பறித்த வரலாற்றிலும் இத்துவக்குக்கு இடமுண்டு. அதே வேளை, 1876இல் லிட்டில் பிக்ஹோர்ண் ஆற்றங்கரையில், ஒற்றை வெடித் துவக்கேந்திய அரச படையைப் பழங்குடி வீரர் முறியடித்தபோது அவர்களுட் பலர் கையில் இருந்தவை ஹென்றியும் வின்செஸ்ரருமே. திரைப்படங்கள் இந்த இரண்டாவது செய்தியை அதிகம் காட்டுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இதன் வீடு வடகிழக்குக் காடுகள். பென்சில்வேனியா மாநிலத்தில் நவம்பர் இறுதியில், நன்றியறிதல் திருநாளை அடுத்துவரும் திங்கட்கிழமை மான் வேட்டைப் பருவம் தொடங்குவது பல தலைமுறை வழக்கமாக இருந்தது. அன்று பாடசாலைகள் பல மூடப்படும்; மாணாக்கர் பாதிப்பேர் வரமாட்டார்கள் என்று தெரிந்த பின்னர் திறந்து வைத்துப் பயனென்ன? தந்தையும் மகனும், சில வீடுகளில் பாட்டனும், பனி படிந்த காட்டுக்குப் போவர். கிடைக்கும் மான் இறைச்சி குளிர்ப்பெட்டியில் மாரிகாலம் முழுவதற்கும் உணவாகும். சுரங்கத்திலும் உருக்காலையிலும் உழைத்த குடும்பங்களுக்கு அது விளையாட்டு மட்டுமன்று. கணக்கிற் சேர்ந்த வரவு. பன்னிரண்டு பதினான்கு வயதில் ஒரு சிறுவனுக்கு முதன்முதல் தரப்படும் துவக்கு பெரும்பாலும் நெம்புத் துவக்காகவே இருந்தது. விலை குறைவு, பாரமும் குறைவு, பெரியவர் துணையுடன் பழகுவதற்கு ஏற்றது. 2019இல் அம்மாநிலம் வேட்டைத் தொடக்க நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றியது. வார நாட்களில் விடுப்பெடுக்க இயலாதோருக்கு இது வாய்ப்பாயிற்று. எனினும் திங்கட்கிழமை விடுமுறையோடு வளர்ந்த முதியோர் பலர் அதனை ஓர் இழப்பாகவே கருதினர்.

இத்துவக்கு வெறுங் கருவியாயிருந்த நிலை மாறத் தொடங்கிய ஆண்டு 1964. செலவைக் குறைக்க எண்ணிய வின்செஸ்ரர் கம்பனி அவ்வாண்டில் ஆக்கமுறையை மாற்றியது. கடைந்தெடுத்த உறுப்புக்களுக்குப் பதிலாகத் தகட்டை அச்சில் அழுத்திச் செய்த உறுப்புக்களும், திண்ணிய ஆணிகளுக்குப் பதிலாகச் சுருட்டிய தகட்டு ஆணிகளும் புகுந்தன. வெடிப்பதில் பெருங்குறை இல்லை. ஆனால் நெம்பை இழுத்தபோது எழுந்த சலசலப்பை வேட்டைக்காரன் உடனே கண்டுகொண்டான். அன்று முதல் ‘அறுபத்து நான்குக்கு முந்தியது’ என்னும் சொற்றொடர் விற்பனைப் பேச்சில் நிலைத்துவிட்டது. இன்றும் விலையை அதுவே வகுக்கிறது.

அதே கம்பனி, அதே பத்தாண்டில், நினைவுத் துவக்குகள் என்று பொன்முலாமும் பதக்கமும் பதித்தவற்றை வெளியிடத் தொடங்கியதையும் இங்கே சொல்லவேண்டும். 1966இல் நூற்றாண்டு நினைவாக வந்தது மட்டும் ஓர் இலட்சத்துக்கு மேல். பிற்காலத்தில் பெருவிலை போகும் என்று நம்பி வாங்கிய பலர், பெட்டியைத் திறவாமலே அலுமாரியில் வைத்துப் பூட்டினர். எல்லோரும் பூட்டி வைத்ததால் எதுவும் அரிதாகவில்லை. பெட்டியிலிருந்த பொன்முலாம் துவக்கிற் பல எதிர்பார்த்த விலையை எட்டவில்லை. மழையில் நனைந்து சேணத்தில் உரசிய பழைய துவக்கோ விலையேறியது.

2006ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நியூ ஹேவன் தொழிற்சாலை மூடப்பட்டது. இன்று வின்செஸ்ரர் பெயரால் வரும் நெம்புத் துவக்குகள் ஜப்பானில் மிறோக்கு கம்பனியில் ஆக்கப்படுகின்றன. வேலைப்பாட்டில் அவை பழையவற்றை விஞ்சுவன என்போர் உளர், விலையிலும் விஞ்சுகின்றன. ஏழை வேட்டைக்காரனுக்கு எஞ்சியிருந்தது மார்லின். அது கோதுகளை மேலே அன்றிப் பக்கவாட்டில் தெறிப்பது. எனவே மேற்புறத்திற் தொலைநோக்கி பொருத்த வசதியானது.

அந்த மார்லின் கம்பனியை 2007இன் இறுதியில் றெமிங்ரன் கம்பனி வாங்க உடன்பட்டது. கொனெற்றிக்கற்றிலிருந்த தொழிற்சாலை 2011இல் மூடப்பட, யந்திரங்கள் நியூயோர்க் மாநிலத்து இலியன் நகருக்கு ஏற்றிச் செல்லப்பட்டன. யந்திரங்களை ஏற்றலாம், அவற்றை நாற்பது ஆண்டு இயக்கியவனின் விரலை ஏற்ற இயலுமா? தேய்ந்த யந்திரத்தில் எவ்விடத்தில் எவ்வளவு அரத்தால் உராய்ந்தால் உறுப்புப் பொருந்தும் என்பது வரைபடங்களில் இல்லை; பழைய தொழிலாளரின் கைப்பழக்கத்தில் இருந்தது. அவர்களிற் பெரும்பாலோர் புதிய ஊருக்குப் போகவில்லை. பின்னர் வந்த துவக்குகளில் மரமும் இரும்பும் ஒட்டாத இடைவெளி, சாய்ந்த குறிகாட்டி, சிக்கும் நெம்பு எனக் குறைகள் மலிந்தன. காலப்போக்கில் ஓரளவு திருந்தின என்பதும் உண்மை. ஆனால் மக்கள் மனம் திருந்தவில்லை. பழைய தொழிற்சாலையில் ஒவ்வொரு குழலிலும் நிறுவுநர் ஜோன் மார்லின் பெயரின் முதலெழுத்துக்களான ஜே. எம். என்பவை சிறு முட்டைவடிவக் குறிக்குள் பொறிக்கப்பட்டிருந்தன. அக்குறி உள்ளதா என்று பார்த்தே பாவித்த துவக்கை விலை பேசும் வழக்கம் உண்டாயிற்று.

பின்னர் 2020 வந்தது. கொள்ளைநோய்க் காலத்து அச்சத்தில் துவக்கு வாங்குவோர் தொகை பெருகியது. அவ்வாண்டில் நடந்த பின்னணிச் சோதனைகள் மூன்று கோடியே தொண்ணூறு இலட்சத்துக்கும் மேல். அதே ஆண்டில் றெமிங்ரன் வங்குரோத்தடைய, மார்லின் பெயரை றூகர் கம்பனி வாங்கியது. றூகர் ஆக்கிய முதலாவது மார்லின் 2021 டிசம்பரில்தான் வெளியேறியது. 336 மீண்டும் வர 2023 ஆயிற்று. வாங்குவோர் மிகுந்திருந்த வேளையில் புதிய மார்லின் ஒன்றேனும் இல்லாத ஓராண்டுக்கு மேற்பட்ட இடைவெளி! பாவித்த துவக்கு விலையேறியதில் வியப்பென்ன? புதிய 336இன் பட்டியல் விலையும் ஆயிரம் டொலரைத் தாண்டி நிற்பதால், பழையது இறங்கிவர வழியில்லை.

இனி, வாங்குவோர் யார் என்னும் வினா. வேட்டைக்காரர் அல்லர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவர்கள் தொகை சுருங்கி வந்திருக்கிறது. மத்திய அரசின் கணக்கெடுப்பின்படி 1991இல் ஒரு கோடியே 41 இலட்சம் பேர் வேட்டையாடினர்; 2016இல் அது ஒரு கோடியே 15 இலட்சம். இடைக்காலத்தில் நாட்டின் சனத்தொகையோ ஏறக்குறைய ஏழு கோடியால் பெருகியிருந்தது. துவக்கோ குறையவில்லை. காட்டிலிருந்து அது குறிசுடு மைதானத்துக்கு இடம் பெயர்ந்தது. அங்கே ஆட்சி செலுத்துவது ஏ. ஆர். 15 வகையைச் சேர்ந்த அரைத் தன்னியக்கத் துவக்கு. 1937ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி றைபிள்களுக்கும் தோட்டாக்களுக்கும் விதிக்கப்படும் நூற்றுக்குப் பதினொரு வீத வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. இன்று மானைப் பேணும் அப்பணத்திற் கணிசமான பங்கைத் தருவோர் மானைத் தேடிக் காட்டுக்குப் போகாதவர்கள்.

2012 டிசம்பரில், வின்செஸ்ரரும் மார்லினும் பிறந்த அதே கொனெற்றிக்கற் மாநிலத்தில், நியூரவுண் என்னும் ஊரின் ஆரம்பப் பாடசாலையில் இருபது பிள்ளைகளும் ஆறு பெரியோரும் ஏ. ஆர். 15 வகைத் துவக்கொன்றினால் கொல்லப்பட்டனர். அதன் பின்னர் அம்மாநிலமும் நியூயோர்க்கும் 2013இல் தம் சட்டங்களை இறுக்கின. 2023இல் இலினோய், வாசிங்ரன் மாநிலங்களும் அவ்வகைத் துவக்குகளின் விற்பனையைத் தடுத்தன. கையால் இயக்கப்படும் நெம்புத் துவக்கை இத்தடைகள் தொடுவதில்லை. தடை பிறந்த இடங்களில் அதன்பால் விருப்பம் திரும்பியது இயல்பே. ஆக்குவோரும் குறிப்பறிந்துகொண்டனர். வாதுமை மரப் பிடி போய்க் கறுத்த செயற்கைப் பிடி. விளக்குப் பொருத்தும் துளைகள். ஒலியடக்கிக்காகக் குழல் முனையில் மரை. நெம்புத் துவக்கைப் பல தலைமுறையாக ஆக்காதிருந்த ஸ்மித் அன்ட் வெசன் கம்பனியும் 2024இல் 1854 என்னும் பெயருடன் ஒன்றை வெளியிட்டது. ஒலியடக்கிக்கு 1934 முதல் இருந்த 200 டொலர் மத்திய வரி 2026 தொடக்கத்தில் நீக்கப்பட்டது. எனவே அந்த மரைக்கும் மதிப்பு மிகுந்தது.

திரையின் பங்கும் சிறிதன்று. 1950இல் ஜேம்ஸ் ஸ்ரூவேட் நடித்த ‘வின்செஸ்ரர் 73’ ஒரு துவக்கையே கதைத்தலைவனாக்கியது. 2015இல் வந்த ‘யுராசிக் வேர்ல்ட்’ படத்தின் நாயகன் கையிலிருந்தது மார்லின் 1895. பத்தொன்பதாம் நூற்றாண்டு உடையணிந்து, புனைபெயர் பூண்டு, பழைய துவக்குகளாற் குறிசுடும் போட்டியாளருக்கு 1987 முதல் ஒரு சங்கமும் உண்டு. இவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆயினும் ஏலத்தில் ஒரே துவக்குக்குக் கை உயர்த்துகிறார்கள். அவர்களுக்கிடையே நின்று, மகனுக்கு முந்நூறு டொலரில் ஒன்று தேடுகிற கூலியாளின் கை தாழ்ந்துவிடுகிறது.

துவக்குகள் இப்போது வெளிவருவது பெரும்பாலும் மரணச் சொத்து ஏலங்களில். பாட்டன் இறக்கிறார், பிள்ளைகள் பிற்ஸ்பேர்க்கிலோ பிலடெல்பியாவிலோ மாடிவீட்டில் வாழ்கிறார்கள், வேட்டைக்குப் போவாரில்லை. ஏலத்துக்கு வருபவர் குழலின் இடப்புறம் குனிந்து ஜே. எம். குறியைத் தேடுகிறார். பிறகு தொடரெண்ணின் முதல் இரு இலக்கங்களை நூறிலிருந்து கழித்துப் பார்க்கிறார். இருபது என்றிருந்தால் 1980ஆம் ஆண்டு ஆக்கம். எண்ணூறு டொலருக்கு அது கைமாறும். சேகரிப்பவர் கைக்குப் போனால் அது கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும். புதுமை விரும்புவோர் கைக்குப் போனால், அதன் முனையிலும் மரை வெட்டப்படும். அக்கணமே சேகரிப்பவரின் கணக்கில் அதன் பெறுமதி பாதியாகும். மான் வேட்டைக்குத் துவக்கு வேண்டியவன் அப்படி வெட்டப்பட்ட ஒன்றையே மலிவாகத் தேடிக் கொள்கிறான்.